சூளைக்குள் ஒரு கழிமுகம்

விருத்தாசலத்தில் இருப்பவர் கடலைப் பார்க்க வேண்டுமானால் சிதம்பரத்தில் இறங்கி இன்னொரு பஸ் ஏற வேண்டும். அதனால்தான் கழிமுக இளமீன் நல வாரியத்தை விருத்தாசலத்தில் வைத்தார்கள். கடலோரத்தில் வைத்தால் உப்புக் காற்றில் பீரோ துருப்பிடிக்கும். பீரோ துருப்பிடித்தால் கோப்புகள் கெட்டுப்போகும். கோப்புகள் கெட்டுப்போனால் மீன்குஞ்சுகளை யார் காப்பாற்றுவது? மேலே உள்ளவர்கள் இப்படியெல்லாம் யோசிக்கிறவர்கள். தவிர, ஜங்ஷனுக்குப் பக்கத்தில் ஒரு மாடி வாடகைக்குக் காலியாக இருந்தது. அது வாரிய இயக்குநர் ராஜ்மோகனின் மாமனாருடைய மாடி என்பது தற்செயல்.

கழிமுகம் என்றால் ஆறு கடலில் கலக்கிற இடம். மீன்பிடிக்கிறவர்கள் முகத்துவாரம் என்பார்கள். நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலந்து கிடக்கிற அந்த இடத்தில்தான் மடவை, கொடுவா போன்ற மீன்களின் குஞ்சுகள் ஒதுங்கி வளர்ந்து பிறகு கடலுக்குப் போகின்றன. சூடு கூடினால் ஆபத்து. உப்பு கூடினால் ஆபத்து. ஆற்றுத் தண்ணீர் வராவிட்டாலும், தண்ணீரில் காற்று குறைந்தாலும் ஆபத்து. இவ்வளவும் வாரியத்தின் வாசலில் பெரிய போர்டில் எழுதியிருக்கிறது. போர்டுக்குக் கீழே ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி. தொட்டியில் மீன் கிடையாது.

மீன் கொண்டுவராமல் இல்லை. பரங்கிப்பேட்டையிலிருந்து பக்கெட்டில் குஞ்சுகளைக் கொண்டுவந்தார்கள். வழியில் இரண்டு ஊர்களில் மீன்குஞ்சுப் பாதுகாப்புக்காக ராஜ்மோகனுக்குச் சால்வை போடும் விழா இருந்தது. விழா முடிந்து வந்து பார்த்தால் குஞ்சுகள் எல்லாம் மிதந்தன. அடுத்த தடவையும் அப்படியே. அப்போதுதான் ராஜ்மோகன் மாடி ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். பீங்கானுக்குப் பேர்போன ஊர். எதிரே பொம்மைக் கடை தெரிந்தது.

“இந்த ஊர்ல இருந்துகிட்டு உயிருள்ள மீனுக்கு எதுக்குய்யா நாம அலையணும்?” என்றார்.

இப்படித்தான் முகம்மது அஷ்ஃபாக்கிடம் மீன் செய்யச் சொல்லி வேலை வந்தது.

அஷ்ஃபாக் ஷார்ஜாவில் நெடுங்காலம் இருந்துவிட்டு வந்தவர். இனிமேல் போகமாட்டேன் என்று மனைவி ஹஸ்னாவிடம் சொல்லிவிட்டு, கையிலிருந்ததையெல்லாம் போட்டு ஒரு கொட்டகையும் கேஸ் சூளையும் வைத்திருந்தார். கொலு பொம்மை செய்கிறார். போன வருஷம் பாதி பொம்மைகள் வெடித்துப்போயின. இந்த வருஷமும் கொலுவுக்குச் சரக்கு போகாவிட்டால் கடைக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். ஹஸ்னாவின் அண்ணன் ஷார்ஜாவில் இன்னொரு விசாவைத் தயாராக வைத்துக்கொண்டு வாரத்துக்கு ஒரு தடவை போன் செய்கிறார். அதாவது இந்தச் சூளை ஒழுங்காக எரிந்தால் அஷ்ஃபாக் வீட்டில் இருப்பார். எரியாவிட்டால் விமானத்தில் இருப்பார்.

சூளையில் காலி இடம் விடக்கூடாது என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் கடைப்பிடிப்பது. பெரிய பொம்மைகளை அடுக்கி, இடுக்குகளில் சின்னச் சாமான்களைச் சொருகிவிடுவார்கள். அஷ்ஃபாக்கும் தசாவதார செட்டுகளை அடுக்கி, நடுவில் வாரியத்தின் களிமண் மீன்களைச் சொருகினார். எல்லாம் காய்ந்த, இன்னும் சுடாத பச்சை மண். மறுநாள் தீ வைக்க வேண்டியதுதான் பாக்கி.

அன்று மாலை ஜீப் வந்தது. ராஜ்மோகன் இறங்கினார். அவருக்குப் பின்னால் பூர்ணிமா இறங்கினாள். மீன்களைப் பற்றிப் படித்தவள். வாரியத்தில் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறாள். வாரியத்தில் மீனைப் பற்றிப் படித்தவர் அவள் ஒருத்திதான். அதனால் அவளை யாரும் எதுவும் கேட்பதில்லை.

“எங்க பாய் நம்ம குஞ்சுங்க?” என்றார் ராஜ்மோகன்.

“உள்ள இருக்குது சார். பொம்மைக்கு நடுவுல சொருவியிருக்கோம். காலையில தீ வெச்சிடலாம்.”

“தீயா?”

“ஆமா சார். சுடணும்ல.”

“எத்தன டிகிரிக்கு?”

“ஆயிரத்து நூறு வரைக்கும் போவும் சார்.”

ராஜ்மோகன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பூர்ணிமா பக்கம் திரும்பினார். “மேடம், குஞ்சுக்கு நம்ம வாரியத்தோட அளவு எவ்வளவு?”

“முப்பத்திரண்டுக்கு மேல போனா கஷ்டம் சார். ஆனா சார், இது களிமண்ணு...”

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க மேடம்.”

பிறகு அவர் கைப்பையிலிருந்து வாரியத்தின் சட்டப் புத்தகத்தை எடுத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துச் சத்தமாகப் படித்தார். இளமீன் என்பது வாரியத்தின் பொறுப்பில் உள்ள, ஒரு விரல் நீளத்துக்கு மேற்படாத, மீன் வடிவிலான எதையும் குறிக்கும். அந்த இளமீன் இருக்கும் இடம் எதுவோ அது கழிமுகம் எனக் கருதப்படும்.

“உசுரு இருக்கணும்னு எங்கயும் போடல பாத்தீங்களா?” என்றார். “போட்டிருந்தா நாங்க இத்தன வருஷமா ஒரு அறிக்கை கூட குடுத்திருக்க முடியாது.”

சூளையை எரிக்கும் மாயவன் பீடியைக் காதில் சொருகிக்கொண்டு முன்னால் வந்தார். “சார், விருத்தாசலத்துல நெழல்லயே முப்பத்தேழு அடிக்குது. அப்ப இந்த ஊர்ல எவனும் குஞ்சாவே இருக்க முடியாதே சார்?”

“யாருய்யா நீ?”

“நான்தான் சார் தீ வெக்கிறவன்.”

“பேரு எழுதிக்கங்க மேடம். அச்சுறுத்தல்னு போடுங்க.”

சூளைக் கதவின் மேல் சிவப்புத் துணி கட்டினார்கள். அரக்கு உருக்கி முத்திரை வைத்தார்கள். அரக்கு உருக்கத் தீப்பெட்டி இல்லை என்பதால் மாயவனிடமே வாங்கிக்கொண்டார்கள். கதவில் ஒட்டிய அறிவிப்பு இது: ‘இது கழிமுகம். இங்கே குளிக்கவோ, துணி துவைக்கவோ, வலை வீசவோ, தீ மூட்டவோ கூடாது.’

“சார், மீன வேணா எடுத்துக்கங்க. என் பொம்மைய வுட்டுருங்க,” என்று அஷ்ஃபாக் பின்னாலேயே ஓடினார்.

“பொம்மைய எப்படி எடுக்க முடியும்? குஞ்சுங்க அதுக்கு நடுவுலதான ஒளிஞ்சிருக்குது? நெஜ கழிமுகத்துல சதுப்புக் காட்டு வேருக்குள்ள ஒளியும். இங்க உங்க பொம்மைதான் வேரு. வேர புடுங்கலாமா?” ஜீப்பில் காலை வைத்தவர் ஏதோ நினைவு வந்து நின்றார். “தசாவதாரம்னு சொன்னீங்களே, அதுல மச்சாவதாரம் இருக்குமே?”

“இருக்கும் சார். செட்டுக்கு ஒண்ணு.”

“அது என்ன அளவு?”

“ஒரு சாண் சார். இடுப்பு வரைக்கும் பெருமாளு. கீழ மீனு.”

ராஜ்மோகனின் முகம் கவலையில் சுருங்கியது. “மேல் பாதி வேற துறை. கீழ் பாதி பெரிய மீனு. பெரிய மீன குஞ்சுங்களோட ஒரே இடத்துல வுட்டிருக்கீங்க. தின்னுட்டா யாரு பொறுப்பு?”

“பெருமாளு குஞ்சு மீன திங்கமாட்டாரு சார்,” என்றார் மாயவன்.

“எழுத்துமூலமா உத்தரவாதம் குடுப்பாரா?”

ஜீப் போய்விட்டது.

வீட்டில் ஹஸ்னா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “மீனுக்கு சூளைய பூட்டுனாங்களா? அல்லாவே, நான் மொதல்லயே சொன்னேன். கவர்மெண்டு ஆளுங்க வேல வேணாம்னு,” என்றாள்.

“சின்ன வேலதானேன்னு எடுத்தேன் புள்ள. இடுக்குல சொருவுற சாமான்.”

“எங்கண்ணன் இன்னிக்கும் போன் பண்ணுச்சு. மெடிக்கல் எடுக்க எப்ப போறாருன்னு கேக்குது.”

“நீ என்னா சொன்ன?”

“சூளைய எரிச்சிட்டு சொல்றோம்னேன்.” அவள் சோற்றுப் பானையை இறக்கி வைத்தாள். “ஏங்க, போவ மாட்டீங்கதானே?”

அஷ்ஃபாக் விரல்விட்டு நாள் எண்ணினார். பொம்மை சுட்ட பிறகு பெயிண்ட் அடிக்க வேண்டும், காய வேண்டும், வைக்கோல் வைத்துக் கட்ட வேண்டும். மகாளய அமாவாசைக்கு முன்னால் கடைக்குப் போய்ச் சேராத கொலு பொம்மையை அப்புறம் எவரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

மறுநாள் வாரியத்தின் மாடிக்குப் போனார். உள்ளே நுழைகிறவர் யாராக இருந்தாலும் முதலில் உறுதிமொழி எடுக்க வேண்டும். ஒரு எவர்சில்வர் டம்ளரில் பாதி நல்ல தண்ணீர், பாதி உப்புத் தண்ணீர் கலந்து கொடுத்தார்கள். அதை ஒரே மூச்சில் குடித்து, “நானும் ஒரு இளமீன்” என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். ராஜ்மோகனுக்கு ரத்தக்கொதிப்பு இருப்பதால் அவருக்கு மட்டும் இளநீர்.

அஷ்ஃபாக் குடித்தார், சொன்னார், வாயைத் துடைத்துக்கொண்டார். “சார், அந்த மீனுங்கள சுட்டாதான் சார் மீனு. சுடாட்டி வெறும் மண்ணு.”

“சுடுங்களேன். நான் வேணாம்னா சொன்னேன்? முப்பத்திரண்டு டிகிரியில சுடுங்க.”

“அதுல காபி கூட சூடாவாது சார்.”

“பாய், நீங்க ஒரு விஷயத்த புரிஞ்சிக்கணும்.” ராஜ்மோகன் நாற்காலியில் சாய்ந்தார். அவர் இப்படிச் சாய்ந்தால் சொற்பொழிவு வரும் என்று தெரிந்த பியூன் மின்விசிறியை அணைத்துவிட்டு வெளியே போனான். “எங்க வாரியம் ஆரம்பிச்ச நாள்லேருந்து ஒரு குஞ்சக் கூட உசுரோட வெச்சிருந்ததில்ல. நான் மறைக்க மாட்டேன். மீனுன்னா சாவும். அது அதோட சுபாவம். மொத தடவையா எங்ககிட்ட சாவாத குஞ்சுங்க வந்திருக்குது. அத போயி நீங்க தீயில வெக்கணும்ங்கறீங்க. உங்களுக்கு மனசாட்சி இல்லையா?”

அஷ்ஃபாக்குக்கு ஒரு கணம், தனக்கு மனசாட்சி இல்லையோ என்றே சந்தேகம் வந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கினார்.

கீழே டீக்கடையில் பூர்ணிமா நின்றிருந்தாள். ஒரு டீ சொல்லி அவரிடம் நீட்டினாள். “வாயெல்லாம் உப்பு கரிக்கும், குடிங்க பாய். எனக்கு தினமும் ரெண்டு டம்ளரு.”

“ஏம்மா, நீங்களாவது எடுத்து சொல்லக்கூடாதா?”

“எத பாய் சொல்றது? நெஜ மீனுக்கே சொல்லி முடியல. ஞாயித்துக்கெழம சொந்த காசுல பஸ்ஸு ஏறி முகத்துவாரத்துக்கு போறேன். ஆத்து வாய்ல மணலு அடைச்சி கெடக்குது. கடல் தண்ணி உள்ள வரல, ஆத்துத் தண்ணியும் வரல. இருக்கற தண்ணி வெயில்ல காயுது, உப்பு ஏறுது. குஞ்சுங்க தண்ணிக்கு மேல வந்து வாய வாய தொறக்குது. மணல எடுக்கணும்னு நாலு தடவ எழுதிக் குடுத்துட்டேன்.”

“சாரு என்னா சொன்னாரு?”

“தலைப்பு எழுதும்போது பெரிய எழுத்துல எழுதணும்னாரு.”

அன்று இரவுச் சாப்பாட்டின்போது ஹஸ்னாதான் வழி சொன்னாள். “அவங்க கட்சிக்கே நீங்க போயிருங்க. பாவம் மீனு, தண்ணியில்லாம தவிக்குது, எடுத்து தண்ணியில வுடுங்கன்னு நீங்களே மனு குடுங்க. மீனு வெளிய போச்சுன்னா சூளை நம்மளுது.”

“தண்ணியில வுட்டா கரைஞ்சிரும்டி.”

“கரையட்டும். நாம என்னா நிக்காவா பண்ணி வெக்கப் போறோம்?”

இப்படியாக, அதுவரைக்கும் மீனைச் சோற்றில் ஊற்றும் ஆணத்தில் மட்டுமே பார்த்திருந்த அஷ்ஃபாக், மீன்களின் உரிமைக்காக மனு எழுதினார். மீன் தண்ணீரில் இருக்க வேண்டும் என்பதே மனுவின் சாரம். ராஜ்மோகன் அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“பாய், மீனு தண்ணியில இருக்கணும்னு இதுவரைக்கும் யாரும் எங்களுக்கு இந்தக் கோணத்துல சொன்னதே இல்ல,” என்றார்.

“அப்ப எடுத்துருவீங்களா சார்?”

“சும்மா எடுக்கறதா? விழா எடுக்கணும். சென்னையிலேருந்து தலைவர வரவழைக்கணும். இளமீன் விடும் விழா.”

“விழா முடிஞ்சதும் சூளை...?”

“குஞ்சுங்க தொட்டியில நல்லபடியா செட்டாயிடுச்சுன்னு உறுதியானதும் முத்திரைய எடுத்துருவோம். செட்டாவலன்னா மறுபடியும் சூளைக்கே கொண்டாந்துருவோம். கவலையே படாதீங்க.”

அஷ்ஃபாக்குக்கு அப்போதுதான் கவலை ஆரம்பித்தது.

விழா நாளன்று ஜங்ஷன் ரோட்டில் பந்தல் போட்டார்கள். முத்திரையை உடைத்து, சூளையிலிருந்து மீன்களை ஈரத்துணி போட்ட தாம்பாளங்களில் எடுத்தார்கள். எடுத்த கையோடு சூளைக்கு மறுபடியும் முத்திரை வைத்தார்கள். முன்னால் நாதஸ்வரம், பின்னால் தாம்பாளங்கள், அதற்குப் பின்னால் மைக் கட்டிய ஆட்டோ. ஈரத்துணி பட்ட இடத்தில் சில மீன்களின் வால் குழைந்து தாம்பாளத்தில் ஒட்டிக்கொண்டது.

மாயவன் ராஜ்மோகனின் பக்கத்தில் நடந்துகொண்டே கடைசியாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். “சார், பச்ச மண்ணு. தண்ணியில போட்டா கரைஞ்சிரும்.”

“மீனு தண்ணியில கரையுமாய்யா? எந்த ஊர்லயாவது கேள்விப்பட்டிருக்கியா?”

மாயவன் யோசித்துப் பார்த்தார். கேள்விப்பட்டதில்லை.

சென்னையிலிருந்து வந்த தலைவர் பெரிய மனிதர். பட்டுவேட்டி, ஏசி கார். ஒவ்வொரு மீனாகத் தொட்டியில் விட்டார். போட்டோக்காரர் திரும்ப விடச் சொன்னபோது திரும்பவும் விட்டார். காய்ந்த பச்சை மண் தண்ணீரில் விழுந்ததும் உள்ளேயிருக்கும் காற்று வெளியே வரும். தொட்டி முழுக்கப் பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பின.

“மூச்சு வுடுது! மூச்சு வுடுது!” என்று ராஜ்மோகன் மைக்கில் கத்தினார். பந்தல் கைதட்டியது. முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தலைவர் பேசினார். “நான் இந்த வாரியத்துக்குத் தலைவராகி ஆறு வருஷமாகிறது. இதுவரை ஒரு கழிமுகத்தைக்கூட நேரில் பார்த்ததில்லை. ஏன்? பார்த்தால் பாசம் வந்துவிடும். பாசம் வந்தால் பாரபட்சம் வந்துவிடும். நான் எல்லாக் கழிமுகங்களையும் சமமாகப் பார்க்காமல் இருப்பவன்.” கைதட்டல். “சூடு கூடுகிறது என்கிறார்கள். உப்பு கூடுகிறது என்கிறார்கள். நான் கேட்கிறேன், நமக்குக் கூடவில்லையா? நாம் ஏசி போட்டுக்கொண்டு சமாளிக்கவில்லையா? மீன்களும் தங்கள் சொந்தக் காலில் நிற்கப் பழக வேண்டும்.”

பலத்த கைதட்டல். ராஜ்மோகன் எழுந்து நின்று தட்டினார்.

அஷ்ஃபாக் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் துடுப்புகள் போயின. பிறகு வால். பிறகு தலைக்கும் உடலுக்கும் வித்தியாசம் இல்லாமல் போயிற்று. தலைவர் வாரியத்தின் கட்டிட விரிவாக்கத்துக்கு வந்தபோது தண்ணீர் டீ போல ஆகிவிட்டது. நன்றியுரைக்கு ராஜ்மோகன் எழுந்தபோது, தொட்டியின் அடியில் வழுவழுவென்று ஒரு மண் படிவம் மட்டும் இருந்தது.

தலைவர் கிளம்புவதற்கு முன்னால் தொட்டியருகே வந்தார். குனிந்தார். கண்ணாடியில் மூக்கு ஒட்டும்படி பார்த்தார்.

“மீன்கள் எங்கே?”

நாதஸ்வரக்காரர் வாயிலிருந்து சீவாளியை எடுத்தார். அஷ்ஃபாக் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். மீன் செத்தது என்று எழுதினால் முதலில் கேட்பது யார் செய்த மீன் என்றுதான். அப்புறம் சூளையைப் புலன்விசாரணை முடியும்வரை திறக்கவே மாட்டார்கள்.

ராஜ்மோகன் தொட்டியைப் பார்த்தார். தலைவரைப் பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு ஒளி பரவியது.

“போயிடுச்சுங்க சார்,” என்றார்.

“எங்கே?”

“கடலுக்கு. வளர்ந்துடுச்சுங்க சார். கழிமுகத்துல வளர்ந்த குஞ்சு கடலுக்குத்தான சார் போவணும்? அதான் சார் நம்ம குறிக்கோளு. சால்வை போட்டு முடிக்கறதுக்குள்ள நூத்துக்கு நூறு!”

தலைவர் அசந்துபோனார். “எந்த வழியாக?”

ராஜ்மோகன் தொட்டியின் அடியில் இருந்த வடிகால் குழாயைக் காட்டினார். “இதுல போயி வாய்க்கா. வாய்க்காலேருந்து மணிமுத்தாறு. அங்கேருந்து வெள்ளாறு. நேரா கடலு.”

“மணிமுத்தாத்துல தண்ணியே இல்லையே சார்,” என்றார் மாயவன்.

“அது வேற துறை,” என்றார் ராஜ்மோகன்.

தலைவர் அங்கேயே நாற்காலி போடச் சொன்னார். இவ்வளவு பெரிய வெற்றியை உடனே எழுதிவிட வேண்டும். ராஜ்மோகன் சொல்லச் சொல்ல பியூன் எழுதினான். இளமீன்கள் அனைத்தும் பாதுகாப்பாகக் கடலைச் சென்றடைந்தன. கழிமுகத்தின் நிலை மிகச் சிறப்பு. ஆகவே முகத்துவாரத்தில் மணல் எடுக்கும் திட்டம் தேவையில்லை எனக் கைவிடப்படுகிறது.

பூர்ணிமா ஒரு அடி முன்னால் வந்தாள். “சார், அது வேற மீனு சார். இது வேற...”

“மேடம், உங்களுக்கு மீனு பொழைச்சா புடிக்காதா?” என்றார் ராஜ்மோகன். தலைவர் அவளை வருத்தத்தோடு பார்த்தார். படித்தவர்களுக்கே இப்படி ஒரு மனசா என்பது போல.

சட்டப்படி, வாரியத்தைச் சேராத ஒரு பொதுமகன் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். ராஜ்மோகன் அஷ்ஃபாக்கைத் தோளோடு அணைத்துக் கூட்டிக்கொண்டு வந்தார். “மீனுக்காக மொத மொதல்ல குரல் குடுத்தவரே இவருதான் சார்.” பிறகு காதோடு சொன்னார்: “போடுங்க பாய். போட்ட கையோட முத்திரைய எடுத்துரலாம்.”

அஷ்ஃபாக் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு பூர்ணிமாவைப் பார்த்தார். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னாம்மா செய்யட்டும்?” என்றார்.

“என்னைய எதுக்கு பாய் கேக்கறீங்க? நான் ஒப்பந்தம்.”

அவர் தசாவதாரத்தை நினைத்தார். ஷார்ஜாவில் ஒரே அறையில் மூட்டைப்பூச்சியோடு படுத்திருந்ததை நினைத்தார். ஹஸ்னா கேட்டதை நினைத்தார். கையெழுத்துப் போட்டார். பெயர் கொஞ்சம் கோணலாக விழுந்தது. ராஜ்மோகன் அதைக் கீழே பெரிய எழுத்தில் தெளிவாக எழுதச் சொன்னார்.

அன்று பொழுது சாய்வதற்குள் மாயவன் சூளைக்குத் தீ வைத்துவிட்டார். இந்தத் தடவை ஒரு பொம்மைகூட வெடிக்கவில்லை. மீன் எடுத்த இடுக்குகள் காலியாக இருந்ததால் தீ நன்றாகச் சுற்றி வந்ததாக மாயவன் சொன்னார். சரக்கு நேரத்துக்குப் போயிற்று. கடைக்காரர்கள் இன்னும் கேட்டார்கள். ஹஸ்னா அண்ணனுக்குப் போன் போட்டு, “விசாவ வேற யாருக்காவது குடுத்துருண்ணே. இவுக வரலியாம்,” என்று சொன்னபோது அவள் குரல் தெருவரைக்கும் கேட்டது.

வாரியத்துக்கு மாநில அளவில் விருது கிடைத்தது. மீன்கள் எல்லாம் கடலுக்குப் போய்விட்டதால் மீனைப் பற்றிப் படித்தவர் இனித் தேவையில்லை என்று பூர்ணிமாவின் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. ராஜ்மோகனின் ஒப்பந்தம் பற்றிய கேள்வி எழவில்லை. அவர் நிரந்தரம்.

நவராத்திரி முடிந்த கையோடு பரங்கிப்பேட்டையில் ஹஸ்னாவின் சொந்தத்தில் ஒரு நிக்காஹ். மழை இன்னும் இறங்கவில்லை. மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு எல்லோரும் படுத்துவிட்டார்கள். அஷ்ஃபாக்குக்குத் தூக்கம் வரவில்லை. கைலியைக் கட்டிக்கொண்டு, தான் சாட்சி போட்ட இடத்தைப் பார்த்துவிடலாம் என்று முகத்துவாரத்துப் பக்கம் நடந்தார்.

கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் மணல் ஒரு முதுகு போலக் கிடந்தது. இந்தப் பக்கம் தேங்கிய தண்ணீர் வெயிலில் பளபளத்தது. கரையில் புதுப் பெயிண்ட் வாசனையோடு ஒரு பெரிய போர்டு. ‘இங்கிருந்த இளமீன்கள் அனைத்தும் பாதுகாப்பாகக் கடலைச் சென்றடைந்தன. கழிமுக இளமீன் நல வாரியம். சாட்சி: முகம்மது அஷ்ஃபாக், சூளை உரிமையாளர், விருத்தாசலம்.’

இடுப்பளவு தண்ணீரில் ஒரு அம்மா குனிந்து, கைகளால் தரையைத் துழாவி இறால் தேடிக்கொண்டிருந்தார். ஓலைக்கூடையைப் பல்லில் கடித்திருந்தார். இவர் நிற்பதைப் பார்த்து நிமிர்ந்தார். கூடையைக் கையில் எடுத்துக்கொண்டார். அதில் ஒன்றும் இல்லை.

“என்னா, போர்ட படிக்கிறியா? எந்த ஊரு?”

“விருத்தாசலம்மா.”

“அந்த ஊரா? அங்கதான் எங்க மீனுக்கெல்லாம் ஆபீஸு இருக்குதாமே. நல்லா இருக்குதா ஆபீஸு?”

“இருக்குதும்மா. மாடியில.”

“மாடியில வெச்சாதான் வெள்ளம் வந்தா தப்பிக்கலாம். வெவரமானவனுங்க.” அந்த அம்மா போர்டைப் பார்த்துத் தாடையை நீட்டினார். “அந்த அஷ்ஃபாக்குங்கறவர தெரியுமா உனக்கு?”

“தெரியும்.”

“பெரிய ஆபீசரா?”

“இல்லம்மா. பொம்ம செய்யறவரு.”

“பொம்ம செய்யறவருக்கு மீன பத்தி என்னா தெரியும்?”

“ஒண்ணும் தெரியாது.”

“அப்பறம் எதுக்கு போட்டாரு?”

“அவரு சூளைய பூட்டிட்டாங்க. போட்டாதான் தொறப்போம்னாங்க.”

அந்த அம்மா சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. கையால் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டு, அடைபட்டுக் கிடந்த மணல் மேட்டைத் திரும்பிப் பார்த்தார்.

“தொறந்தாங்களா?”

“தொறந்தாங்க.”

“அப்படியா! அப்ப அவர பாத்தா கேட்டு சொல்லுப்பா. இத தொறக்க எதுல கையெழுத்து போடணுமாம்? வீராயி கேட்டான்னு சொல்லு. எனக்கும் எழுத வரும்.”

அஷ்ஃபாக் போர்டில் இருந்த பெயரைக் காட்டினார். “நான்தாம்மா அது,” என்றார்.

வீராயி அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

“நீயா?” என்றார். “சரி, நிக்கிற? எறங்கு. நீ சாட்சி சொன்னத நாம ரெண்டு பேரும் தேடிப் பாப்பம்.”

அஷ்ஃபாக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். தண்ணீர் சுட்டது.